தெளிஞ்ச தண்ணி ஏன் கொல்லுது? மீன் தொட்டிக்குப் பின்னாடி ஒரு 150 வருஷக் கதை

இன்னைக்கு எபிசோட ஒரு சாவுல இருந்து ஆரம்பிக்கிறேன். பயப்படாதீங்க, செத்தது ரெண்டு மீன்.

மூணு வருஷம் முன்னாடி ரெண்டடி நீளத்துல ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். தங்கமீன் விடுற சாதா தொட்டி இல்ல, உப்புத்தண்ணித் தொட்டி. அக்கா பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு. அவளுக்கு நீமோ மீன் வேணும். நீமோ கடல் மீன், அதனால கடலை வீட்டுக்குக் கொண்டு வரணும். கடல் எங்க வீட்டுல இருந்து பத்து நிமிஷ தூரம்தான். ஆனா அந்தத் தண்ணியை நம்ப முடியாதுன்னு பாக்கெட்டுல உப்பு வாங்கிட்டு வந்து, வடிகட்டின தண்ணில கரைச்சு, கடலுக்குப் பக்கத்துலயே உக்காந்து கடல் தயாரிச்சேன். இத எங்கம்மா கிட்ட விளக்கவே முடியல.

தொட்டி ரெடி. பில்டர் ஓடுது, லைட் எரியுது, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு கடையில போட்டோ காட்டினேன். "சூப்பரா இருக்கே சார், இன்னைக்கே விடலாம்"னு சொன்னாங்க. ரெண்டு நீமோ வாங்கிட்டு வந்து விட்டேன். மூணாவது நாள் ரெண்டும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச்சு. செவுள் ரத்தச் சிவப்பா இருந்துச்சு. அஞ்சாவது நாள் காலையில ரெண்டும் இல்ல.

நான் கடைக்காரரைத் திட்டிக்கிட்டிருந்தேன். அக்கா பொண்ணு தொட்டியையே பாத்துட்டு ஒண்ணு கேட்டா: "தண்ணி சுத்தமாத்தானே மாமா இருந்துச்சு?"

என்கிட்ட பதில் இல்ல. அப்புறம் தேட ஆரம்பிச்சேன். தேடினா, இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, பதில் தெரியாம, மனுஷங்க பல தலைமுறையா மீனைக் கொன்னுருக்காங்கன்னு தெரிஞ்சுது. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதல்ல 1846க்குப் போவோம். இங்கிலாந்தோட தெற்குக் கடற்கரையில டார்க்கீன்னு ஒரு ஊர். அங்க விடுமுறைக்குப் போன ஆனா தின் என்ற பெண்மணி, பாறை இடுக்குல உயிருள்ள பவளப் பூச்சிகளைப் பாக்கிறாங்க. பிடிச்சுப் போச்சு. லண்டனுக்கு எடுத்துட்டுப் போகணும். என்ன பண்ணாங்க தெரியுமா? ஊசி நூலை எடுத்து, அந்தப் பவளங்களை ஒரு பெரிய ஸ்பாஞ்சு மேல தைச்சு, ஒரு ஜாடில கடல் தண்ணியோட வச்சுக் கொண்டுபோனாங்க. அவங்க கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேல பெரிய பாதிரியார். ஆக, லண்டனோட முதல் பவளத் தொட்டிகள்ல ஒண்ணு அந்தப் புகழ்பெற்ற தேவாலய வளாகத்துக்குள்ள இருந்துச்சு.

கடல் தண்ணி தீரத் தீர ஊர்ல இருந்து வரவழைக்கணும். அது எப்பவும் கிடைக்காது. அதனால தண்ணிக்குக் காத்து ஏத்த ஒரு வழி. திறந்த ஜன்னல் பக்கத்துல நின்னு, ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொரு பாத்திரத்துக்கு, நம்ம ஊர்ல டீ ஆத்துற மாதிரி, தண்ணியை ஆத்தணும். தினமும் அரைமணி நேரத்துல இருந்து முக்கால் மணி நேரம். இத யார் செஞ்சா? பெரும்பாலும் வீட்டு வேலை செய்யற பெண். இன்னைக்கு முன்னூறு ரூபாய் ஏர் பம்ப் செய்யற வேலையை அந்தப் பொண்ணோட கை செஞ்சுது. அவங்க பேரு எந்த எழுத்துலயும் எனக்குக் கிடைக்கல. பவளங்கள் கிட்டத்தட்ட மூணு வருஷம் உயிரோட இருந்துச்சு.

இவங்களுக்கும் முன்னாடி, 1832லயே, சிசிலித் தீவுல ஷான் வில்ப்ரே பவர் என்ற பிரெஞ்சுப் பெண் கண்ணாடித் தொட்டி செஞ்சு ஆர்கோநாட் என்ற கடல் உயிரியை வளத்துப் பாத்திருக்காங்க. தையல்காரியா வாழ்க்கையைத் தொடங்கினவங்க. அது தன் ஓட்டைத் தானே கட்டிக்குதுன்னு நிரூபிச்சாங்க. அவங்களுக்குத் தனியா ஒரு எபிசோடே போடலாம், போடுவேன். ஆனா அவங்க கடல் பக்கத்துலயே இருந்தாங்க, தண்ணிப் பிரச்சினை அவங்களுக்குப் பெருசா இல்ல. நமக்கு வேண்டியது லண்டன். ஏன்னா லண்டன்ல கடல் கிடையாது.

1849. லண்டன்ல மருந்து தயாரிக்கிறவங்களோட சங்கத்துல ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியல் ஆள் வேலை பாக்குறாரு. ஒரு கண்ணாடிப் பாத்திரம். அடியில மணல், சேறு, கல்லு. அதுல தங்கமீன், கூட ஒரு நீர்ச்செடி. அவரோட கணக்கு ரொம்ப அழகு. மீன் மூச்சு விட்டு கார்பன் டை ஆக்சைடைத் தரும், செடி அத எடுத்துக்கிட்டு ஆக்சிஜனைத் தரும். கொடுக்கல் வாங்கல் சமம்.

ஆனா கொஞ்ச நாள்ல பழைய இலைகள் அழுகி தண்ணி கலங்க ஆரம்பிச்சுது. உடனே குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டாரு. நத்தை அழுகலைத் தின்னுச்சு, தண்ணி தெளிஞ்சுது. 1850ல இத எழுதி வெளியிட்டாரு. மீன், செடி, நத்தை: மூணும் சேந்தா தொட்டி தன்னைத் தானே பாத்துக்கும். "சமநிலைத் தொட்டி" என்ற எண்ணம் இங்கதான் ஊனப்பட்டது. அது அடுத்த நூறு வருஷத்துக்கு அசையவே இல்ல.

இதுல பாதி உண்மை இருக்கு. செடி உண்மையிலேயே உதவும். ஆனா அந்தப் பாத்திரத்துல நாலாவதா ஒரு ஆள் இருந்தாரு. அடியில கிடந்த மணல்லயும் சேத்துலயும். அவர வாரிங்டன் பாக்கல, பாத்திருக்கவும் முடியாது. இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. வாரிங்டனுக்கு ஒரு மகன். அவன் பேரும் ராபர்ட் வாரிங்டன்தான். அப்பா தங்கமீனை வச்சு கணக்குப் போட்டப்ப அவனுக்கு வயசு பதினொண்ணு. அவன் கிட்ட நாம திரும்பி வருவோம்.

இதுக்கப்புறம் இங்கிலாந்துக்குப் பைத்தியம் பிடிச்சுது. 1845ல கண்ணாடி மேல இருந்த வரியை எடுத்துட்டாங்க, கண்ணாடி மலிவாச்சு. ரயில் வந்தாச்சு, காலையில கிளம்பி கடற்கரைக்குப் போயிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம். 1853ல லண்டன் மிருகக்காட்சி சாலையில "மீன் வீடு" திறந்தாங்க, பொதுமக்களுக்கான முதல் அக்வேரியம் அதுதான். அடுத்த வருஷம் பிலிப் ஹென்றி காஸ் "தி அக்வேரியம்" என்ற புத்தகத்தைப் போட்டாரு. அந்த வார்த்தையைப் பரவ வச்சதே அவருதான். நடுத்தர வர்க்க வீட்டு வரவேற்பறைல எல்லாம் ஒரு கடல் தொட்டி. ஜனங்க வாளியும் உளியும் எடுத்துக்கிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பிட்டாங்க.

காஸ் செஞ்ச ஒரு காரியத்தை மட்டும் கொஞ்சம் நின்னு பாக்கணும். 1854 ஏப்ரல்ல அவரு நாலே நாலு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் தண்ணி தயாரிச்சாரு. நான் பாக்கெட் பிரிச்சுக் கரைச்சேனே, அதோட கொள்ளுத்தாத்தா. தண்ணி ரெடி ஆனதும் உடனே உயிரினங்களை விட்டாரா? இல்ல. கடல் பாசி ஒட்டின ஒண்ணு ரெண்டு கல்லை முதல்ல போட்டாரு. போட்டுட்டுக் காத்திருந்தாரு. செடியில இருந்து ஏதோ நுண்ணிய பொருள் தண்ணிக்குள்ள இறங்கலாம், அது இறங்கினதுக்கு அப்புறம் விலங்கு வந்தா நல்லதுன்னு அவருக்குத் தோணிருக்கு. முதல்ல தாவரம், அப்புறம் விலங்கு, அதுதான் இயற்கையோட வரிசைன்னும் எழுதியிருக்காரு. காஸ் பைபிளை வரிக்கு வரி நம்பினவர். படைப்புக் கதையிலயும் அதே வரிசைதான்.

காரணம் தப்பு, செயல் சரி. அந்தக் கல்லு மேல பாசி மட்டும் வரல. பாசியோட கூட வேற ஒரு கூட்டமும் ஏறி வந்துச்சு. என்னைப் பொறுத்தவரைக்கும், உப்புத்தண்ணித் தொட்டியை "சைக்கிள்" பண்றதுன்னு இன்னைக்குச் சொல்றோமே, அத எழுத்துல பதிஞ்ச முதல் ஆட்கள்ல காஸும் ஒருத்தர். தான் என்ன பண்றோம்னு அவருக்கே தெரியாது.

ஆனா ஆயிரக்கணக்கான பேருக்கு அந்தப் பொறுமை இல்ல, என்னை மாதிரி. தொட்டி வாங்கினாங்க, கடல்பூவையும் நண்டையும் மீனையும் போட்டு நிறைச்சாங்க, ஒரு வாரத்துல நாத்தம், சாவு. செத்ததைக் கொட்டிட்டு மறுபடியும் கடற்கரைக்குப் போனாங்க. இப்படிப் போய்ப் போயே டெவன் கடற்கரைப் பாறைக் குட்டைகள் மொட்டையாயிடுச்சு. காஸோட மகன் எட்மண்ட் 1907ல எழுதின புத்தகத்துல, அப்பா காட்டிக்கொடுத்த அந்தக் குட்டைகளை அப்பாவோட வாசகர்களே அழிச்சுட்டாங்கன்னு வருத்தப்பட்டுப் பதிவு பண்ணிருக்காரு. 1860கள்ல மோகம் அடங்கிடுச்சு.

அடங்காத ஒருத்தர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். கடை போட்டு நஷ்டப்பட்டு, அப்புறம் ஹாம்பர்க், லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மாதிரியான பெரிய அக்வேரியங்களுக்குத் தண்ணி ஏற்பாடு செஞ்சு கொடுத்தவர். அவரோட ரகசியம் ஒண்ணுதான். பார்வையாளர் பாக்குற தொட்டிகளை விட பல மடங்கு பெரிய ஒரு இருட்டுத் தொட்டி கீழ இருக்கும். அதே பழைய தண்ணி மேலயும் கீழயும் ராத்திரி பகலா சுத்திக்கிட்டே இருக்கும். புதுத் தண்ணியை விட பழைய தண்ணிதான் நல்ல தண்ணின்னு அவர் அனுபவத்துல கண்டுபிடிச்சுட்டாரு. காரணம் ஆக்சிஜன்னு நினைச்சாரு.

எல்லாரும் ஆக்சிஜன்னே நினைச்சாங்க. மீன் மேல வந்து வாயைத் திறக்குதா, காத்து பத்தல. எவ்வளவு நியாயமான முடிவு! என் நீமோவும் அப்படித்தான் பண்ணுச்சு, நானும் அன்னைக்கு இன்னொரு ஏர் பம்ப் வாங்கிப் போட்டேன்.

உண்மையில நடந்தது வேற. மீன் தன் உடம்புக் கழிவை பெரும்பாலும் செவுள் வழியா அம்மோனியாவா வெளியேத்துது. அம்மோனியாவுக்கு நிறம் இல்ல. தண்ணில கரைஞ்சா கண்ணுக்குத் தெரியாது. தண்ணி கண்ணாடி மாதிரியே இருக்கும், ஆனா உள்ள செவுளை எரிச்சுக்கிட்டிருக்கும். செவுள் வெந்துபோன மீனுக்கு எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் உறிஞ்ச முடியாது. கடல் தண்ணில இது இன்னும் மோசம். தண்ணில அம்மோனியா ரெண்டு ரூபத்துல இருக்கும், ஒண்ணு விஷம், இன்னொண்ணு கிட்டத்தட்ட சாது. பிஹெச் ஒரு புள்ளி ஏறினா விஷ ரூபத்தோட பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு ஏறும். சாதா நல்ல தண்ணி பிஹெச் 7 பக்கத்துல இருக்கும், கடல் தண்ணி 8.2 பக்கத்துல. தங்கமீன் தொட்டில தப்பிச்ச தப்பு, நீமோ தொட்டில தப்பிக்காது.

சரி, அப்ப வாரிங்டன் தங்கமீன் எப்படிப் பிழைச்சுது? காஸோட தொட்டி எப்படி ஓடுச்சு? இதுக்குப் பதில் மீன் வளக்குறவங்க கிட்ட இருந்து வரல. சாக்கடையில இருந்து வந்துச்சு.

1877, பாரிஸ். நகரத்துச் சாக்கடைத் தண்ணியை என்ன பண்றதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டிருந்த காலம். நிலத்துல பாய்ச்சினா அது சுத்தமாகுது, எப்படின்னு தெரியல. ஷ்லோசிங், முண்ட்ஸ்னு ரெண்டு பேரு ஒரு நீளமான கண்ணாடிக் குழாய் எடுத்து, அதுல மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பி, மேல இருந்து சாக்கடைத் தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டாங்க. கீழ என்ன வருதுன்னு சோதிச்சுக்கிட்டே இருந்தாங்க.

முதல் இருபது நாள், ஒண்ணும் இல்ல. மேல விட்ட அம்மோனியா அப்படியே கீழ வருது. இருபது நாளுக்கப்புறம் திடீர்னு நைட்ரேட் தலைகாட்டுது. நாள் ஆக ஆக அம்மோனியா காணாமலே போயிடுச்சு, வெறும் நைட்ரேட்தான்.

இது வெறும் வேதிவினையா இருந்தா முதல் நாளே நடக்கணுமே? இருபது நாள் எதுக்கு? இங்கதான் அவங்க புத்திசாலித்தனம். குழாய்க்குள்ள குளோரோபார்ம் ஆவியை விட்டாங்க, ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பாங்களே, அதே குளோரோபார்ம். நைட்ரேட் நின்னு போச்சு. குளோரோபார்மை எடுத்தாங்க, அப்பவும் வாரக்கணக்குல ஒண்ணும் நடக்கல. அப்புறம் தோட்டத்து மண்ணைக் கொஞ்சம் தண்ணில கலக்கி மேல ஊத்தினாங்க. சில நாள்ல நைட்ரேட் திரும்பி வந்துருச்சு. கல்லும் மணலும் இந்த வேலையைச் செய்யல. அதுமேல உக்காந்திருக்கற ஏதோ ஒரு உயிர் செய்யுது. அது மெதுவாத்தான் பெருகும், அதனாலதான் இருபது நாள்.

இந்தப் பரிசோதனையை முதல் தடவை படிச்சப்ப எனக்கு உடம்பே சிலிர்த்துருச்சு. ஏன்னா, அந்தக் குழாய்தான் என் பில்டர். சாக்கடைத் தண்ணிதான் மீன் கழிவு. தோட்டத்து மண் கரைசல்தான் இன்னைக்குக் கடையில பாட்டில்ல விக்கிற பாக்டீரியா. மீன் விடறதுக்கு முன்னாடி ஏன் வாரக்கணக்குல காலித் தொட்டியை ஓட விடணும்? பதில் 1877லயே வந்துருச்சு. தப்பான ஆபீஸ்ல வந்துச்சு, அவ்வளவுதான்.

ஒரு சின்ன கிளைக்கதை. இந்த உயிர்களை மனுஷன் அதுக்கும் பல நூறு வருஷம் முன்னாடியே வேலைக்கு வச்சிருந்தான். வெடிமருந்துக்குத் தேவையான வெடியுப்பு ஒரு நைட்ரேட்தான். மூத்திரமும் சாணமும் கலந்த மண்ணை வச்சு அத எடுத்தாங்க. பீகார்ல நோனியா சமூகத்து மக்களோட பரம்பரைத் தொழிலே அதுதான். அவங்க மண்ணுல இருந்து எடுத்த உப்பு கப்பலேறி ஐரோப்பாவோட பீரங்கிகளுக்குப் போச்சு. தொட்டில மீனைக் காப்பாத்துற அதே நுண்ணுயிர் வேலைதான் அது.

இப்ப மகன் வாரிங்டன் கிட்ட வருவோம். அப்பாவோட ஆய்வுக்கூடத்துலயே வேதியியல் படிச்சு வளந்தவர். 1876ல ராதம்ஸ்டெட் என்ற விவசாய ஆய்வு நிலையத்துல சேந்திருந்தாரு. பாரிஸ் முடிவைப் பாத்ததும் இதுலயே இறங்கிட்டாரு. பத்து வருஷத்துக்கும் மேல இதே வேலை. ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடிச்சாரு: இது ஒரு வேலை இல்ல, ரெண்டு வேலை. முதல்ல அம்மோனியா நைட்ரைட் ஆகுது. அப்புறம் நைட்ரைட் நைட்ரேட் ஆகுது. ரெண்டையும் செய்யறது வேற வேற உயிர்கள். என் கையில இருக்குற டெஸ்ட் கிட்டுல அம்மோனியாவுக்கு ஒரு பாட்டில், நைட்ரைட்டுக்கு ஒரு பாட்டில், நைட்ரேட்டுக்கு ஒரு பாட்டில்னு தனித்தனியா இருக்கே, அந்தப் பிரிவு அவர் வேலைதான்.

யோசிச்சுப் பாருங்க. அப்பா, மீன் தொட்டி ஏன் வாழுதுன்னு ஒரு விளக்கம் சொல்றாரு, அதுல பாதி விட்டுப்போகுது. விட்டுப்போன பாதியை மகன் முப்பது வருஷம் கழிச்சு வயல் மண்ணுல கண்டுபிடிக்கிறாரு. அப்பா 1867லயே இறந்துட்டாரு.

மகனாலயும் ஒண்ணு முடியல. அந்த உயிர்களைத் தனியாப் பிரிச்சு எடுக்க முடியல. அப்ப பாக்டீரியா வளக்கணும்னா ஜெலட்டின்ல சத்தான சூப் மாதிரி கலந்து வைப்பாங்க. இந்த உயிர் அதுல வளரவே மாட்டேன்னுச்சு. 1890ல ஜூரிக்ல இருந்த செர்கெய் வினோகிராட்ஸ்கி, கீவ்ல பிறந்தவர், ஒரு காலத்துல பியானோ படிச்சவர், இத வேற மாதிரி யோசிச்சாரு. இதுக்குச் சாப்பாடு போடறதுதான் தப்போ? அம்மோனியா உப்பு, தாது உப்பு, தண்ணி. அவ்வளவுதான் வச்சாரு, வேற எந்த உணவும் இல்ல. வளந்துச்சு! செடி வெளிச்சத்தை வச்சு காத்துல இருந்து உடம்பு கட்டுற மாதிரி, இது அம்மோனியாவை எரிச்சு அந்தச் சக்தில உடம்பு கட்டுது. வெளிச்சமே வேண்டாம். லாயிட்டோட இருட்டுத் தொட்டி ஏன் அவ்வளவு நல்லா வேலை செஞ்சுதுன்னு இப்ப புரியுதா?

1890ல உயிரியே கையில கிடைச்சாச்சு. சாக்கடை இஞ்சினியர்கள் உடனே பிடிச்சுக்கிட்டாங்க, அமெரிக்காவுல லாரன்ஸ் என்ற ஊர்ல 1887லயே இதுக்குன்னு ஒரு சோதனை நிலையம் இருந்துச்சு. மீன் வளக்குறவங்க? இன்னும் பல பத்து வருஷத்துக்கு அவங்க செடியையும் நத்தையையும் ஆக்சிஜனையுமே பேசிக்கிட்டிருந்தாங்க. இந்த இடைவெளிதான் எனக்குக் கோபம் வர்ற இடம். ஒரு துறையில பள்ளிக்கூடப் பாடமா இருந்த விஷயம், பக்கத்துத் துறைக்குப் போகல. நம்ம சென்னை மெரினாவுல 1909ல ஒரு அக்வேரியம் திறந்தாங்க, எதிர்லயே வங்கக்கடல். கடல் பக்கத்துல இருந்தா புதுத் தண்ணி ஏத்திக்கலாம், பிழைச்சுக்கலாம். கடல் இல்லாத ஊர்ல, வீட்டுக்குள்ள, உப்புத்தண்ணி மீன் அபூர்வம்தான்.

1950கள்ல விமானத்துல பவளப்பாறை மீன்கள் அமெரிக்க வீடுகளுக்கு வர ஆரம்பிச்சுது. கலர் கலரா வந்து, கூட்டம் கூட்டமா செத்துச்சு. அந்தக் காலத்துச் சுத்தப் பழக்கம் என்னன்னா, பவளக் கல்லை பிளீச்சிங் போட்டு வெள்ளை வெளேர்னு வெளுத்துத்தான் தொட்டில வைப்பாங்க. சுத்தம்! அதாவது, மீனைக் காப்பாத்தக்கூடிய ஒரே கூட்டத்தை முதல்ல கொன்னுட்டு, அப்புறம் மீனை விடறது.

அப்பதான் ஜகார்த்தால இருந்து ஒரு குரல் வந்துச்சு. லீ சின் எங்னு ஒரு மீன் வளப்பாளர் 1961ல ஒரு அமெரிக்க மீன் பத்திரிகையில கட்டுரை எழுதினாரு. கடல்ல இருந்து கல்லை அதுமேல இருக்குற உயிர்களோட அப்படியே எடுத்துட்டு வாங்க, வெளுக்காதீங்க. வெயில் படட்டும், கொஞ்சம் காத்துக் குமிழி போதும். அவ்வளவுதான் அவரோட முறை. காஸ் நூறு வருஷம் முன்னாடி வச்ச அதே பாசிக் கல்லு, இந்தத் தடவை வெப்பமண்டலக் கடல்ல இருந்து. படிச்சவங்கள்ல பலர் நம்பல. இன்னைக்கு "லைவ் ராக்"னு கிலோ கணக்குல விக்கிறாங்களே, அந்த வழிக்கு அடித்தளம் போட்டவர் அவர். 1970ல ஸ்டீபன் ஸ்பாட்னு ஒருத்தர் எழுதின புத்தகம், மணலும் பில்டரும் அழுக்கை மட்டும் வடிகட்டல, அதுல பாக்டீரியா குடியிருக்கு, அதுதான் அசல் பில்டர்னு மீன் வளக்குறவங்களுக்குத் தெளிவா எடுத்துச் சொல்லிச்சு.

இதுக்கு அப்புறம் வந்த பழக்கத்தையும் சொல்லியாகணும், அழகான பகுதி இல்ல. பாக்டீரியா வளர அம்மோனியா வேணும். அம்மோனியாவுக்கு மீன் வேணும். அதனால டாம்செல்னு ஒரு சின்ன, முரட்டு, விலை கம்மியான கடல் மீனை முதல்ல வாங்கி விடுவாங்க. பிழைச்சா பிழைக்கட்டும், செத்தா இன்னொண்ணு. தொட்டி "பழகின" பிறகு விலை கூடின மீன் வரும். பல வருஷம் இதுதான் கடைக்காரங்க, புத்தகங்க எல்லாரும் சொன்ன வழி, இன்னைக்கும் சொல்றவங்க இருக்காங்க. என்னை விட்டா, இத நிறுத்தணும். மீனே இல்லாம அம்மோனியா கொடுக்க முடியும்: ஒரு துண்டு இறால் போட்டா அது அழுகி அம்மோனியா தரும், இல்லன்னா அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டு எண்ணி விடலாம். ஒரு உசிரை வச்சுச் சோதிக்க எந்தத் தேவையும் இல்ல.

கதை இங்க முடியல, கடைசியா ரெண்டு திருப்பம். நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குறது நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியான்னு நூறு வருஷமா பாடப்புத்தகம் சொல்லிச்சு. பாட்டில்கள்லயும் அதையே அடைச்சு வித்தாங்க. 1998ல டிமோத்தி ஹோவனெக்கும் அவரோட கூட்டாளிகளும் மரபணு முறையில நல்ல தண்ணித் தொட்டிகளை ஆராய்ஞ்சு பாத்தா, அங்க அந்த வேலையைச் செய்யறது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்ற வேற இனம். பாட்டில் வாங்கி ஊத்தியும் ஒண்ணும் நடக்கலன்னு புலம்பின தலைமுறைக்கு அன்னைக்குத்தான் ஒரு காரணம் கிடைச்சுது.

ரெண்டாவது இன்னும் பெருசு. 2005ல, வாஷிங்டன் பல்கலைக்கழகத்து டேவிட் ஸ்டாலோட குழு, அம்மோனியாவைத் தின்னுற ஒரு புது உயிரியைத் தனியாப் பிரிச்சு எடுத்தாங்க. அது பாக்டீரியாவே இல்ல, ஆர்க்கியா என்ற தனிக் குலம். அதுவரைக்கும் ஆர்க்கியா இந்த வேலையைச் செய்யும்னு யாரும் நிரூபிச்சதில்ல. இந்தக் கூட்டத்தோட உறவுக்காரங்க உலகத்துப் பெருங்கடல்கள் முழுக்க நிறைஞ்சிருக்காங்க, பூமியோட நைட்ரஜன் கணக்கையே அவங்க மாத்தி எழுத வச்சாங்க. அத எந்த ஆழ்கடல்ல கண்டுபிடிச்சாங்கன்னு நினைக்கிறீங்க? சியாட்டில் அக்வேரியத்துல, ஒரு வெப்பமண்டல மீன் தொட்டியோட அடிச் சரளைக் கல்லுல.

அப்பா வாரிங்டன் பாக்காம விட்ட அதே இடம். தொட்டியோட அடி.

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். அந்தத் தொட்டி மூணு வருஷமா பால்கனில கவுத்துக் கிடந்துச்சு. போன மாசம் எடுத்துக் கழுவினேன். அதே ரெண்டடி, அதே மாதிரி பாக்கெட் உப்பு. ஏற்கெனவே நல்லா ஓடுற தொட்டி வச்சிருக்கற ஒரு நண்பர் கிட்ட இருந்து ரெண்டு கல்லும் ஒரு கைப்பிடி மணலும் வாங்கிட்டு வந்தேன், என்னோட தோட்டத்து மண். ஒரு துண்டு இறாலை வலைத்துணில கட்டித் தொங்க விட்டேன். முதல் வாரம் வீடு காசிமேடு மாதிரி மணந்துச்சு, அம்மா ரெண்டு நாள் பேசல.

அக்கா பொண்ணுக்கு இப்ப பத்து வயசு. சோதனைக் குழாய் அவ டிபார்ட்மென்ட். ஸ்கூல் விட்டு வந்து அஞ்சு மில்லி தண்ணி எடுத்து, சொட்டு எண்ணிப் போட்டு, குலுக்கி, கலர் அட்டையோட வச்சுப் பாத்து நோட்டுல எழுதுவா. எட்டாவது நாள் அம்மோனியா கரும்பச்சை. பதினஞ்சாவது நாள் பச்சை வெளுக்க ஆரம்பிச்சுது, நைட்ரைட் ஊதாவுக்கு ஏறிச்சு. மகன் வாரிங்டன் சொன்ன ரெண்டு வேலை, எங்க டைனிங் டேபிள் மேல வரிசையா நடக்குது. கடல் தண்ணில குளோரைடு நிறைய இருக்கறதால நைட்ரைட் அவ்வளவு சீக்கிரம் மீனைக் கொல்லாது, இப்பவே விடலாம்னு சொல்றவங்களும் உண்டு. நான் விடல.

நேத்து இருபத்தி நாலாவது நாள். அம்மோனியா மஞ்சள், அதாவது பூஜ்யம். நைட்ரைட் இன்னும் இளம் ஊதா. நோட்டுல எழுதிட்டு, "இன்னைக்கா மாமா?"ன்னு கேட்டா.

"இன்னைக்கு இல்ல"ன்னேன்.

சரின்னு குழாயைக் கழுவிக் கவுத்து வச்சுட்டுப் போயிட்டா. தொட்டில இப்ப மீன் ஒண்ணும் இல்ல. தண்ணி, நேர்மையாச் சொன்னா, கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கு.